பூக்களுக்கு நடுவே ஒபாமா: ஓர் அதிகாரபூர்வ ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி மயூர் விஹாரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்க் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். வகுப்பு நடக்கும் அறைச் சுவரில் பராக் ஒபாமாவின் அதிகாரபூர்வ ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றைப் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நின்றபடியே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறேன்.

இது யார் வரைந்த படம்? எங்கே இருக்கிறது?

கெஹிண்டே வைலி வரைந்தது. 1977இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர்; அப்பா நைஜீரியாக்காரர். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கீழ் தேசிய உருவப்படக் காட்சியகம் ஒன்று உண்டு. பதவி முடித்த அதிபர்களை ஓவியர்களைக் கொண்டு வரையவைத்து அங்கே மாட்டுகிறார்கள். அந்த வரிசைக்காக வரைந்த இந்த எண்ணெய் வண்ண ஓவியம் 2018 பிப்ரவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. உயரம் ஏறக்குறைய 7 அடி. அந்தக் காட்சியகம் ஓர் அதிபரின் அதிகாரபூர்வப் படத்தைக் கறுப்பின ஓவியர் ஒருவரிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் முறை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: ஒபாமா மரநாற்காலி ஒன்றில் சற்று முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். முழங்கைகள் தொடையில், கைகள் குறுக்காக மடித்தபடி. கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை, டை கிடையாது, கழுத்துப் பட்டன் திறந்திருக்கிறது. சுவர், ஜன்னல், கொடி, மேசை எதுவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை பச்சை இலைகள். இடையிடையே பூக்கள்.

பின்னால் ஏன் இத்தனை இலையும் பூவும்? அதிபர் என்றால் அலுவலகத்தில் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் முதல் தடவை பார்த்தபோது அழகுக்காகப் போட்ட பின்னணி என்றே நினைத்துக் கடந்துவிட்டேன். வைலியின் மற்ற படங்களிலும் திரைச்சீலைத் துணி போலப் பூவேலை நிறைந்திருக்கும் என்பதால் அப்படித் தோன்றியது. பிறகுதான் பூக்களின் பெயர்களைப் படித்தேன்.

அதில் மூன்று பூக்கள் முக்கியம். நீல நிற ஆப்பிரிக்க அல்லி: நீண்ட தண்டின் உச்சியில் சின்னச் சின்ன ஊதுகுழல்கள் கொத்தாக நிற்கும். அது ஒபாமாவின் அப்பாவுக்காக, அப்பா கென்யாவில் பிறந்தவர். மல்லிகை: ஒபாமா பிறந்து வளர்ந்த ஹவாய்க்காக. செவ்வந்தி: சிகாகோவுக்காக, அந்த நகரத்தின் அதிகாரபூர்வ மலரே செவ்வந்திதான். அவர் அரசியலில் இறங்கியதும் மனைவி மிஷேலைச் சந்தித்ததும் அந்த ஊரில்.

ஆக, ஒரு மனிதர் எந்தெந்த மண்ணிலிருந்து வந்தார் என்று சொல்ல மூன்று பூக்கள். இதைக் கேட்டவுடன் ஓர் அமெரிக்கர் 'அடடே, புதுமையாக இருக்கிறதே' என்று சொல்லலாம். நமக்கு இது பழக்கமான மொழி. குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, மருதம் என்றால் வயல், நெய்தல் என்றால் கடற்கரை. பூவின் பெயரைச் சொன்னால் நிலம் வந்துவிடும். நிலம் வந்தால் அங்கே வாழ்கிறவரின் மனநிலையும் கூடவே வந்துவிடும். நம் புலவர்கள் இரண்டாயிரம் வருஷமாகச் செய்கிற காரியத்தை வைலி தூரிகையால் செய்திருக்கிறார். அவர் சங்கப் பாட்டு படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய படத்தைப் படிக்கும் கண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்கிறேன்.

மல்லிகையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஹவாயில் மல்லிகையை மாலையாகக் கட்டிக் கழுத்தில் போடுவார்கள். அந்த மல்லிகைக்கு அங்கே 'பிகாகே' என்று பெயர். மயில் என்று அர்த்தம். கையுலானி என்ற ஹவாய் இளவரசிக்கு மயிலும் பிடிக்கும், இந்தப் பூவும் பிடிக்கும் என்பதால் மயிலின் பெயரே பூவுக்கு ஒட்டிக்கொண்டதாம். செடியின் இனத்தைப் பார்த்தால் அது நம் குண்டுமல்லிதான், மதுரை மல்லியின் இனம். அதே இனம் இந்தோனேசியாவின் தேசிய மலர்களில் ஒன்றும்கூட. ஒபாமா சிறுவனாகச் சில வருஷங்கள் ஜகார்த்தாவில் வளர்ந்தவர். காட்சியகம் தரும் விளக்கத்தில் மல்லிகைக்கு ஹவாய் மட்டும்தான் இருக்கிறது. இந்தோனேசியாவைச் சேர்த்துப் பார்ப்பது என் மனம்.

பூக்கள் பின்னால் மட்டும் இல்லையே, காலை மறைக்கிறதே. தவறா?

தவறு இல்லை. இதைக் கவனித்தது என் வகுப்பில் படிக்கும் எட்டு வயதுப் பையன். "மிஸ், செடி அவரோட ஷூ மேல ஏறுது" என்றான். படத்துக்கு அருகில் போய்ப் பாருங்கள். நாற்காலியின் கால்கள் தரையில் நிற்கவில்லை, தரையே இல்லை. இலைகள் கீழிருந்து முன்னால் வந்து பாதத்தைத் தொடுகின்றன. வைலியே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்: அந்த மனிதருக்கும் அந்தச் செடிகளுக்கும் நடுவே ஒரு போட்டி நடக்கிறது, படத்தின் நாயகன் அவரா அவருடைய கதையா என்று. வரலாறு ஒருவரை மெல்ல மூடிக்கொள்வதைக் காலடியில் காட்டியிருக்கிறார். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். முகத்தைவிடவும்.

நாற்காலி சாதாரணமாக இருக்கிறது. அதிலும் ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. ஆனால் பழைய படங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதே காட்சியகத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் புகழ்பெற்ற முழு உருவப்படம் ஒன்று இருக்கிறது. கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்தது. லான்ஸ்டவுன் ஓவியம் என்பார்கள். வாஷிங்டன் படைத்தளபதியாக இருந்தவர், ஆனால் படத்தில் ராணுவ உடை இல்லை. கறுப்பு வெல்வெட் உடை. வாள் உண்டு, உறையில் கிடக்கிறது. வலது கை பேச்சாளரைப் போல நீண்டிருக்கிறது. மேசையின் காலைப் பாருங்கள்: பிரம்புகளைக் கட்டாகக் கட்டியது போலச் செதுக்கி, மேலே கழுகுகளை வைத்திருக்கிறார்கள். பிரம்புக் கட்டு ரோமானியர் காலத்து ஆட்சி அதிகாரத்தின் அடையாளம். மேசையடியில் சட்டப் புத்தகங்கள். பின்னால் வானத்தில் புயல் கலைந்து வானவில். மன்னர் இல்லாத நாட்டுக்கு மன்னர் பாணியில் எப்படிப் படம் வரைவது என்ற சிக்கலை ஸ்டூவர்ட் பொருட்களாலேயே தீர்த்திருக்கிறார்.

இதே படத்தின் பிரதி ஒன்று வெள்ளை மாளிகையில் உண்டு. 1814இல் ஆங்கிலேயப் படை மாளிகைக்குத் தீ வைக்கும் முன், அதிபர் மேடிசனின் மனைவி டாலி சொல்லிக் காப்பாற்றிய படம் அது. அந்தப் பிரதியில் ஒரு புத்தகத்தின் முதுகில் நாட்டின் பெயர் ஓர் எழுத்து விடுபட்டு எழுதியிருக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு.

இனி நம் பக்கம் வாருங்கள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்காக பிசித்ர் என்ற ஓவியர் 1615–18 வாக்கில் வரைந்த சிறிய ஓவியம் ஒன்றும் வாஷிங்டனில்தான், ஸ்மித்சோனியனின் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறது. அதில் ஜஹாங்கீர் உட்கார்ந்திருக்கும் ஆசனம் ஒரு மணல்கடிகாரம்! தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த ஒளிவட்டம். கீழே குட்டித் தேவதைகள் 'ஆயிரம் ஆண்டு ஆள்க' என்று கடிகாரத்தின் மேல் எழுதுகிறார்கள், மணலோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. எதிரே துருக்கிய சுல்தானும் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸும் நிற்க, பேரரசர் ஒரு சூஃபிப் பெரியவரிடம் புத்தகத்தை நீட்டுகிறார். மூலையில் ஓவியர் தன்னையும் வரைந்துகொண்டிருக்கிறார், கையில் ஒரு சின்னப் படத்தோடு. இவ்வளவும் ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது.

இப்போது ஒபாமாவின் நாற்காலிக்குத் திரும்புங்கள். கழுகு இல்லை, ஒளிவட்டம் இல்லை. ஆட்சியைச் சொல்லும் எல்லாப் பொருளையும் வைலி எடுத்துவிட்டு, பிறப்பையும் வாழ்வையும் சொல்லும் பூக்களை மட்டும் வைத்திருக்கிறார். பழைய படங்கள் இவர் எதை ஆண்டார் என்று சொல்லின. இந்தப் படம் இவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்கிறது. நான் இதைச் சுவரில் ஒட்டியதற்குக் காரணம் அதுதான். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 'உன் ஊர் எது' என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது.

டை கட்டாமல், குனிந்து உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு இல்லையா?

ஒரு தாத்தா இதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அவர் மத்திய அரசில் 35 வருஷம் வேலை பார்த்தவர், டை இல்லாத அதிகாரியைப் படத்தில்கூட அவரால் பார்க்க முடியவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்கும்போது நாம் எப்படி உட்காருகிறோம்? சாய்ந்தா? முன்னால் வந்துதானே. ஜார்ஜ் ஹீலி 1869இல் வரைந்த லிங்கன் படத்திலும் லிங்கன் இப்படித்தான் முன்னால் சாய்ந்து, முகவாயில் கை வைத்து யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒபாமா படத்தைப் பார்க்கும் அமெரிக்கர்கள் பலருக்கு அந்த லிங்கன் நினைவுக்கு வருவார். மடித்த கைகளும் நேரான பார்வையும் கேட்பதோடு எடைபோடவும் செய்கின்றன என்று எனக்குத் தோன்றும். தாத்தா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. சரி, பரவாயில்லை.

இந்தக் குறியீடெல்லாம் ஓவியர் நினைத்து வைத்ததா, பார்க்கிறவர்கள் இட்டுக்கட்டுவதா?

இரண்டும் நடக்கும். பூக்களைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. காட்சியகமே விளக்கம் தந்திருக்கிறது. சில சமயம் ஓவியர் வாயை மூடிக்கொண்டு ஒளித்து வைத்துவிடுவார். நெல்சன் ஷாங்க்ஸ் வரைந்த பில் கிளின்டன் படத்தில் கணப்படுப்பின் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கும். சாதாரண நிழல் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2015இல் ஓவியரே சொன்னார்: பொம்மை ஒன்றுக்கு நீல உடை போட்டு, அதன் நிழலைத்தான் வரைந்தேன், வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்த மோனிகா லெவின்ஸ்கியோடு கிளின்டனுக்கு இருந்த தொடர்பு அந்தப் பதவியின் மேல் விழுந்த நிழல் அது என்று. எனக்கு இது நேர்மையான காரியமாகப் படவில்லை. குற்றம் சொல்ல வேண்டுமென்றால் வெளிப்படையாக வரைய வேண்டும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி எளிது. 'படத்தில் எங்கே இருக்கிறது, விரலை வை' என்பேன். விரல் வைக்க இடம் இருந்தால் பேசலாம்.

தலைவருக்கே படம் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?

சர்ச்சிலின் 80ஆம் பிறந்தநாளுக்கு, 1954இல், நாடாளுமன்றம் கிரஹாம் சதர்லண்டைக் கொண்டு வரையவைத்துப் பரிசளித்த ஓவியம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிற்பாடு அதை வீட்டாரே அழித்துவிட்டார்கள். அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் தன் படத்தைப் பார்த்து, தான் பார்த்ததிலேயே அசிங்கமானது என்றார். ஒபாமா நரைமுடியைக் குறைக்கச் சொல்லியும் காதைச் சின்னதாக்கச் சொல்லியும் வைலியிடம் பேரம் பேசியதாகவும், எதுவும் நடக்கவில்லை என்றும் திறப்பு விழாவில் சொல்லிச் சிரித்தார். நரை அப்படியே இருக்கிறது.

மிஷேல் ஒபாமாவின் படத்தில் தோல் ஏன் சாம்பல் நிறம்?

அது வேறு ஓவியர், ஏமி ஷெரால்ட். அன்றைக்கே அதுவும் திறக்கப்பட்டது. கறுப்பின மக்களின் தோலைச் சாம்பல் சாயலில் வரைவது அவருடைய பாணி. நிறத்தை வைத்து ஆளை முடிவு செய்யும் பழக்கத்தை ஒரு நிமிஷம் நிறுத்த அது உதவுகிறது. அகலமாக விரிந்த அந்தப் பாவாடையில் உள்ள கட்ட வடிவங்கள் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைகளை நினைவூட்டும். நம் பாட்டிகள் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தைவிரிப்பு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. இந்தப் படத்தின் முன்னால் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வாயைப் பிளந்து நின்ற புகைப்படம் அந்த வருஷம் உலகம் முழுக்கச் சுற்றியது.

வெள்ளை மாளிகையில் வேறு ஒரு படம் இருக்கிறதாமே?

ஆமாம், இரண்டும் வேறு வேறு. வெள்ளை மாளிகைக்காக ராபர்ட் மெக்கர்டி வரைந்தது 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. புகைப்படம் என்றே நினைப்பீர்கள். வெறும் வெள்ளைப் பின்னணி, நின்றபடி ஒரு மனிதர், டை உண்டு. தாத்தாவிடம் காட்டினேன், திருப்திப்பட்டார்.

நம் நாட்டில் இப்படி அதிகாரபூர்வ ஓவியங்கள் உண்டா?

டெல்லியிலேயே உண்டு. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் தலைவர்களின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. காந்தி படத்தை வரைந்தவர் ஆஸ்வால்ட் பர்லி என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்து அரச குடும்பத்தை வரைந்தவர். அந்தப் படத்தை ராஜேந்திர பிரசாத் 1947 ஆகஸ்ட் 28 அன்று திறந்தார், சுதந்திரம் கிடைத்து 13 நாள் கழித்து. அரசர்களை வரைந்த கை அரசரை எதிர்த்தவரை வரைந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. நேருவின் படத்தை வரைந்தவர் ரஷ்யாவில் பிறந்த ஸ்வெடஸ்லாவ் ரோரிக். நம் ராஜாஜியின் படம் 1978இல் சேர்ந்தது.

ஆனால் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க எளிதான இடம் இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ், தேசிய நவீனக் கலைக்கூடம். திங்கட்கிழமை விடுமுறை. அங்குள்ள சேகரிப்பில் நந்தலால் போஸ் 1930இல் செய்த 'பாபுஜி' இருக்கிறது. தண்டி யாத்திரை நடந்த நாட்களில் லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. கறுப்பு நிலத்தில் வெள்ளைக் கோடுகள், கையில் தடி, எடுத்து வைத்த கால். இது அரசாங்கம் கேட்டு வரைந்த படமே இல்லை. ஆனால் காந்தி என்றால் இன்றைக்கும் நாடு மனசில் வைத்திருக்கும் உருவம் அதுதான்.

நம் தலைவர்கள் படத்தில் குறியீடு எங்கே? எல்லாம் முகம் மட்டும்தானே?

நம் ஊர்ப் படங்களில் பின்னணி பேசாது, உடுப்பு பேசும். அம்பேத்கர் என்றால் நீலக் கோட், கண்ணாடி, கையில் அரசியலமைப்பு நூல். கோட் அவர் வெறுமனே போட்ட ஆடை இல்லை, மேல்துண்டுகூடப் போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களுக்கு அது ஒரு பதில். பெரியார் என்றால் கறுப்புச் சட்டையும் கைத்தடியும். எம்ஜிஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வரைந்தால் போதும், முகமே வேண்டாம். என் வகுப்பில் டெல்லியிலேயே பிறந்த பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். கலைஞருக்கு மஞ்சள் துண்டு.

பூவும் நம் அரசியலுக்குப் புதிதில்லை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போரில் வென்றவன் சூடுவது வாகை. தேர்தல் முடிவு வந்த மறுநாள் பத்திரிகைகள் இன்றும் 'வாகை சூடினார்' என்றுதானே எழுதுகின்றன? அந்த வாகை மரம் டெல்லித் தெருக்களில் நிறைய இருக்கிறது. இங்கே சிரிஸ் என்பார்கள். ஏப்ரலில் இளமஞ்சள் பஞ்சுப் பூவாகப் பூக்கும். ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினேன். "இதுதான் மிஸ் அந்த வாகையா?" என்று ஒருத்தி உதிர்ந்த பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

எங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு படம் வரையச் சொல்லித் தர ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பெரிய தலைவர் வேண்டாம். வீட்டிலிருக்கும் ஒருவரை வரையச் சொல்லுங்கள். போன வருஷம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் பாட்டியை வரைந்தாள். பாட்டி திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டெல்லி அரசுக் குடியிருப்புக்கு வந்தவர். படத்தில் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் பனையோலை. தலைக்கு மேலே மே மாதத்தில் டெல்லி முழுக்க மஞ்சளாகத் தொங்கும் சரக்கொன்றை. காலடியில் ஏழிலைப்பாலை, ஒரு காம்பில் ஏழு இலையை எண்ணி எண்ணிப் போட்டிருந்தாள். அக்டோபரில் அது பூத்தால் இங்கே தெருவே மணக்கும். 'இதை ஏன் வைத்தாய்' என்று கேட்டேன். பாட்டியே பதில் சொன்னார்: "அந்த வாசனை வந்தா எனக்குத் தலைவலிதாம்மா. ஆனா அது வந்தாத்தான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குக் கிளம்புற மாசம்."

வேலைமுறை இதுதான். முதலில் அவர் வாழ்ந்த மூன்று இடங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு செடியை அவரே சொல்லட்டும், பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டாம். கிடைக்கிற இலையைப் பறித்து வந்து பார்த்து வரையட்டும், போனில் பார்த்து வேண்டாம். ஆளை வரையும்போது முகத்துக்கு முன் கைகளை வரையச் சொல்லுங்கள். கை சரியாக வந்துவிட்டால் உட்காரும் விதம் தானாக வரும். அப்புறம் பச்சைக் கலர் நிறைய வாங்கி வையுங்கள். எல்லா வீட்டிலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.